சட்டமன்றத்தைக் கேட்காமல் பல்கலைக்கழகம் கட்டாயக் கட்டணம் விதிக்கலாமா? – அமெரிக்க அரசுப் பல்கலைக்கழகங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கும் நம்மவர்கள் ஆகஸ்டிலும் ஜனவரியிலும் தவறாமல் எழுப்பும் கேள்வி இது. பில்லைத் திறந்தால் கல்விக் கட்டணம் ஒரே ஒரு வரிதான். அதற்குக் கீழே தொழில்நுட்பக் கட்டணம், சுகாதார மையக் கட்டணம், விளையாட்டுக் கட்டணம், மாணவர் சங்கக் கட்டடக் கட்டணம் என்று பட்டியல் நீள்கிறது. ஜிம் பக்கமே போகாதவனுக்கும் ஜிம் கட்டணம் உண்டு. இதையெல்லாம் யார் அனுமதித்தார்கள்?

லூசியானா மாநிலம் 2016-இல் இந்தக் கேள்வியை வாக்குச்சீட்டிலேயே அச்சிட்டு மக்களிடம் கேட்டது. பதில்களில் பாதி அந்த மாநிலத்தைச் சுற்றியே வருவதற்கு அதுதான் காரணம். மற்ற மாநிலங்கள் தேவைப்படும் இடத்தில் வரும்.

சுருக்கமாகச் சொல்லுங்கள்: சட்டமன்ற ஒப்புதல் வேண்டுமா, வேண்டாமா?

மாநிலத்தைப் பொறுத்தது. அமெரிக்காவில் அரசுப் பல்கலைக்கழகம் என்றால் மாநில அரசின் பல்கலைக்கழகம். கட்டணத்தை யார் தீர்மானிக்க வேண்டும் என்று அமெரிக்க மத்திய அரசியலமைப்பு எதுவும் சொல்வதில்லை. மாநில அரசியலமைப்பும் மாநிலச் சட்டமும்தான் பேசும். கலிபோர்னியா பல்கலைக்கழகம் தன் கட்டணத்தைத் தானே முடிவு செய்யும். லூசியானாவில் கட்டணத்தைக் கூட்ட சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் கை தூக்க வேண்டும். மற்ற மாநிலங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கின்றன.

கட்டாயக் கட்டணம் என்று எதைச் சொல்கிறார்கள்?

கல்விக் கட்டணம் என்பது வகுப்புக்கான விலை. அது போக, சேர்ந்த மாணவர் எல்லோரும் (அல்லது ஒரு பிரிவைச் சேர்ந்த எல்லோரும்) வேண்டாம் என்று சொல்ல வழியில்லாமல் கட்டுவதுதான் கட்டாயக் கட்டணம். விடுதி வாடகை, சாப்பாட்டுத் திட்டம், வாகன நிறுத்த அனுமதி ஆகியவை இதில் சேராது. அவற்றை எடுத்தால்தான் காசு.

மாணவருக்கு இரண்டுமே கையைவிட்டுப் போகும் பணம்தான். சட்டத்தில் மட்டும் பல மாநிலங்களில் இரண்டுக்கும் தனித்தனி வாசல். ஒரு வாசலைப் பூட்டினால் பணம் அடுத்த வாசல் வழியாக வரும். கீழே உள்ள பதில்களில் பாதி இந்த ஒரு விஷயத்துக்குள் அடங்கிவிடும்.

லூசியானாவில் சட்டம் சரியாக என்ன சொல்கிறது?

மாநில அரசியலமைப்பின் 7-ஆம் பகுதியில் 2.1 என்று ஒரு பிரிவு இருக்கிறது. 1995-இல் மக்கள் வாக்களித்துச் சேர்த்தது. மாநில அரசோ அதன் எந்த வாரியமோ துறையோ முகமையோ புதிதாக ஒரு கட்டணம் விதித்தாலும், இருப்பதை உயர்த்தினாலும், அதற்குச் சட்டம் இயற்ற வேண்டும். அந்தச் சட்டத்துக்கு ஒவ்வொரு அவையிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். பிரதிநிதிகள் சபையில் 105 பேர், செனட்டில் 39 பேர். ஆக 70 பேரும் 26 பேரும் சம்மதிக்க வேண்டும்.

அந்தப் பிரிவு பல்கலைக்கழகங்களைக் குறிவைத்து எழுதப்பட்டதல்ல. அரசு அலுவலகங்கள் வரியைக் கூட்டாமல் கட்டணத்தைக் கூட்டிக்கொண்டே போவதைத் தடுப்பதுதான் நோக்கம். ஆனால் அங்கே அரசுக் கல்லூரிகளை நடத்துபவை நான்கு ஆட்சி மன்றங்கள்: லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம், லூசியானா பல்கலைக்கழக அமைப்பு, சதர்ன் பல்கலைக்கழகம், சமுதாயக் கல்லூரிகள் ஆகியவற்றுக்குத் தலா ஒன்று. நான்கும் மாநில வாரியங்கள்தான். வலை யாருக்கு விரித்தார்களோ தெரியாது, மாணவர் கட்டணமும் சேர்ந்து மாட்டிக்கொண்டது.

அப்படியென்றால் ஒவ்வொரு உயர்வுக்கும் தனித்தனியாகச் சட்டமா?

தேவையில்லை. சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. அதே மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் சட்டமன்றம் முன்கூட்டியே ஒரு மொத்த அனுமதி கொடுத்துவிடலாம்: இத்தனை ஆண்டுக்கு, இந்த வரம்புக்குள், நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள் என்று.

2010-இல் வந்த கிராட் சட்டம் அப்படிப்பட்டது. பட்டம் பெறுவோர் விகிதம் போன்ற இலக்குகளை எட்டும் கல்லூரி, தென் மாநிலங்களில் தனக்கு இணையான கல்லூரிகளின் சராசரியைத் தொடும்வரை ஆண்டுக்கு 10 சதவீதம் வரை உயர்த்திக்கொள்ளலாம் என்றது. 2015-இல் இன்னொரு சட்டம். இம்முறை கல்விக் கட்டணத்துக்கு அல்ல, மற்ற கட்டணங்களுக்கு மட்டும் ஆட்சி மன்றங்களின் கையை அவிழ்த்துவிட்டார்கள், அதுவும் 2017 நடுப்பகுதி வரை. பிறகு 2020 வரை நீட்டித்தார்கள். நெருக்கடியில் இருக்கும் மாணவர்களுக்கு விலக்கு அளிக்க விதி வகுக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதில் இருந்தது.

அப்புறம் என்ன நடக்கும்? லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பில்லில் 'மாணவர் சிறப்புக் கட்டணம்' என்று ஒரு வரி முளைத்தது. வகுப்பு நடத்துவதற்கும் ஆசிரியருக்கும் ஆகும் செலவு கல்விக் கட்டணத்தில் வரவேண்டியது. அந்த வாசல் பூட்டியிருந்ததால் இந்த வாசல்.

2015-இல் யாருமே கட்டாத ஒரு கட்டணத்தை மாணவர்கள் மேல் விதித்தார்களாமே?

ஆமாம், நிஜமாகவே. கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டிய கதை.

அந்த ஆண்டு லூசியானா பட்ஜெட்டில் சுமார் 160 கோடி டாலர் துண்டு விழுந்தது. உயர்கல்விக்கான மாநில நிதியில் 80 சதவீதம் வரை போய்விடலாம் என்ற நிலை. லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் தலைவர் கிங் அலெக்சாண்டர், திவால் நிலைக்குச் சமமான நிதி நெருக்கடி அறிவிப்புக்கு ஆவணம் தயாராகிறது என்று ஏப்ரலில் வெளிப்படையாகவே சொன்னார். வரியைக் கூட்டினால்தான் பணம். ஆனால் ஆளுநர் பாபி ஜிண்டால் வரி உயர்த்த மாட்டேன் என்று வாஷிங்டனில் உள்ள 'அமெரிக்கன்ஸ் ஃபார் டாக்ஸ் ரிஃபார்ம்' அமைப்பிடம் எழுத்தில் உறுதி கொடுத்திருந்தார். அதிபர் தேர்தலில் நிற்கும் எண்ணமும் இருந்தது. அந்த ஜூன் 24-ஆம் தேதி அறிவிக்கவும் செய்தார்.

இரண்டையும் காப்பாற்ற வந்ததுதான் சேவ் என்ற ஏற்பாடு. ஒவ்வொரு மாணவர் மேலும் சராசரியாக ஆயிரத்து ஐந்நூறு டாலரை ஒட்டிய ஒரு கட்டணம் விதிக்கப்படும், ஏட்டளவில். அதே அளவுக்கு ஒரு வரிச்சலுகையும் தரப்படும், அதுவும் ஏட்டளவில். அந்தச் சலுகை உயர்கல்வி வாரியத்தின் பெயருக்கு மாறி, அங்கிருந்து வருவாய்த் துறைக்குப் போய் முடிந்துவிடும். மாணவர் ஒரு டாலர் கட்டவும் மாட்டார், ஒரு டாலர் வாங்கவும் மாட்டார். பயன் என்ன? அந்த ஆண்டு சிகரெட் வரி பாக்கெட்டுக்கு 36 சென்ட்டிலிருந்து 86 சென்ட்டாக ஏறியது. வேறு சலுகைகளும் குறைக்கப்பட்டன. இந்தப் பக்கம் ஏறிய வரிக்கு அந்தப் பக்கம் 'வரிச்சலுகை' என்று எழுதிவிட்டால் கூட்டிக் கழித்து வரி உயரவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம்.

கட்சி வேறுபாடு இல்லாமல் உறுப்பினர்கள் முகம் சுளித்தார்கள். ஆனாலும் கூட்டத்தொடரின் கடைசி நாளான ஜூன் 11 அன்று நிறைவேற்றினார்கள். இல்லாவிட்டால் ஆளுநர் மொத்தத்தையும் ரத்து செய்துவிடுவார் என்ற பயம். சட்டமன்ற ஒப்புதல் என்பது மாணவருக்குப் பாதுகாப்பு என்று நம்புகிறவர்களுக்கு இந்தக் கதையைத்தான் நான் சொல்வது வழக்கம். இல்லாத கட்டணத்துக்கும் முறைப்படி ஒப்புதல் கிடைத்தது.

2016 வாக்கெடுப்பில் என்ன ஆயிற்று?

நவம்பர் 8 அன்று, அதிபர் தேர்தலோடு சேர்த்து, இரண்டாம் எண் திருத்தம் வாக்குச்சீட்டில் வந்தது. ஆட்சி மன்றங்கள் சட்டமன்ற ஒப்புதல் இல்லாமலே கல்விக் கட்டணத்தையும் கட்டாயக் கட்டணங்களையும் நிர்ணயிக்கலாமா என்பதுதான் கேள்வி. சுமார் 57 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள்.

பல்கலைக்கழகங்கள் சொன்ன நியாயத்தில் பொய் இல்லை. 2008-க்குப் பிறகு மாநில நிதி வெட்டப்பட்டுக்கொண்டே வந்து, செலவில் பெரும்பங்கு மாநிலத்திடமிருந்து மாணவர் தலைக்கு மாறியிருந்தது. பணமும் தர மாட்டேன், வசூலிக்கவும் விடமாட்டேன் என்றால் எப்படி நடத்துவது என்று கேட்டார்கள். பொறியியலுக்கும் இலக்கியத்துக்கும் ஒரே விலை வைக்க வேண்டியிருக்கிறது என்பதும் அவர்கள் குறை. எதிர்ப்பக்கம் ஒரே வாதம்: சாவியைக் கொடுத்தால் கட்டணம் ஏறும், சட்டமன்றம் இன்னும் நிம்மதியாக நிதியை வெட்டும். என் பார்வையில் வாக்காளர்கள் பல்கலைக்கழகத்தை விடச் சட்டமன்றத்தைத்தான் சந்தேகப்பட்டார்கள். விசித்திரம் என்னவென்றால், அந்தச் சந்தேகத்தின் விளைவாக அதிகாரம் சட்டமன்றத்திடமே தங்கிவிட்டது.

உதவித்தொகை வாங்கும் மாணவருக்கு இதனால் என்ன?

லூசியானாவின் டாப்ஸ் உதவித்தொகை முன்பெல்லாம் கல்விக் கட்டணத்தை முழுசாக ஈடுகட்டும். கட்டணம் ஏறினால் உதவித்தொகையும் தானாக ஏறும். அதாவது அரசுச் செலவும் ஏறும். சட்டமன்றம் கட்டணத்தைப் பிடித்து வைத்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். 2016-இல் அந்த முடிச்சை அவிழ்த்தார்கள். இனி கட்டணம் உயர்ந்தாலும் சட்டமன்றம் தனியாக முடிவெடுத்தால் ஒழிய டாப்ஸ் உயராது. அதன்பிறகு சேர்க்கப்படும் ஒவ்வொரு கட்டாயக் கட்டணமும் குடும்பத்தின் பையிலிருந்துதான்.

கலிபோர்னியாவில் மட்டும் ஏன் அவ்வளவு சுதந்திரம்?

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தை நடத்தும் ரீஜென்ட்ஸ் குழுவுக்கு மாநில அரசியலமைப்பின் 9-ஆம் பகுதி, 9-ஆம் பிரிவு நேரடியாக அதிகாரம் தருகிறது. பெர்க்லி, லாஸ் ஏஞ்சல்ஸ் உள்பட எல்லா வளாகங்களுக்கும் அந்தக் குழுதான். சட்டமன்றம் கட்டணத்தை நிர்ணயிக்க முடியாது. பட்ஜெட் பணத்தைக் காட்டிப் பேரம் பேசலாம். 2014-இல் பல்கலைக்கழகத் தலைவர் ஜேனட் நபோலிடானோ ஐந்து ஆண்டுக்கு ஆண்டுதோறும் 5 சதவீதம் வரை உயர்த்தத் திட்டம் வைத்தார். அடுத்த மே மாதம் ஆளுநர் ஜெரி பிரவுன் கூடுதல் நிதி தருவதாகச் சொல்லி, உள்மாநில மாணவர்களுக்கு இரண்டு ஆண்டு உயர்வை நிறுத்தி வைத்தார்.

கலிபோர்னியாவுக்கு இன்னொரு பழைய கதை உண்டு. 1960-இன் உயர்கல்வித் திட்டம் மாநில மாணவர்களுக்குக் கல்விக் கட்டணம் கிடையாது என்றது. 1970-இல் 'கல்விசார் கட்டணம்' என்ற பெயரில் வசூல் தொடங்கியது. நாற்பது ஆண்டுகள் அந்தப் பெயரிலேயே ஓட்டிவிட்டு, 2010 நவம்பரில்தான் அதைக் கல்விக் கட்டணம் என்று ஒப்புக்கொண்டார்கள்.

மிச்சிகனில் அரசுப் பல்கலைக்கழகங்களின் ஆட்சி மன்றங்களுக்கு இதேபோல அரசியலமைப்பு அதிகாரம் உண்டு. அங்கேயும் சட்டமன்றம் கையாள்வது பணத்தை வைத்துத்தான்: வரம்பைத் தாண்டி உயர்த்தினால் மானியத்தில் ஒரு பகுதி கட்.

ஃபுளோரிடாவில் இதற்கு வழக்கே நடந்ததாமே?

நடந்தது. 2002-இல் மக்கள் வாக்கால் மாநில அரசியலமைப்பில் 'போர்ட் ஆஃப் கவர்னர்ஸ்' என்ற குழு உருவானது, எல்லா மாநிலப் பல்கலைக்கழகங்களையும் நிர்வகிக்க. நிர்வகிக்கும் அதிகாரத்தில் கட்டணம் நிர்ணயிக்கும் அதிகாரமும் அடங்கும்தானே என்று முன்னாள் ஆளுநரும் செனட்டருமான பாப் கிரகாம் முதலானோர் 2007-இல் வழக்குப் போட்டார்கள். 2013 ஜனவரியில் மாநில உச்ச நீதிமன்றம் அடங்காது என்றது. மாணவர் கட்டணம் மாநிலத்துக்கு வரும் வருவாய். வருவாய் திரட்டுவதும் அதை ஒதுக்குவதும் சட்டமன்றத்தின் வேலை. அதை எடுத்து இன்னொரு குழுவிடம் கொடுக்க வேண்டுமென்றால் அரசியலமைப்பு வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம்.

நடைமுறையில் ஃபுளோரிடா சட்டம் ஒரு வேலி போட்டிருக்கிறது. மாணவர் செயல்பாடு, சுகாதாரம், விளையாட்டு ஆகிய மூன்று கட்டணங்களும் சேர்ந்து கல்விக் கட்டணத்தில் 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆண்டு உயர்வு 5 சதவீதத்துக்குள். உயர்வைப் பரிந்துரைக்கும் குழுவில் பாதிப் பேராவது மாணவர்கள்.

மாணவர்களே வாக்களித்து ஏற்றுக்கொண்டால் போதாதா?

சட்டம் அப்படிச் சொன்னால் போதும், சொல்லாவிட்டால் போதாது. டெக்சாஸில் மாணவர் சேவைக் கட்டணத்துக்குப் பருவத்துக்கு 250 டாலர் என்று சட்டமே உச்சவரம்பு வைத்திருக்கிறது. அதற்குள்ளும் 10 சதவீதத்துக்கு மேல் கூட்டினால் மாணவர் வாக்கெடுப்போ மாணவர் பேரவையின் பெரும்பான்மையோ வேண்டும். 2003-இல் அங்கே கல்விக் கட்டணத்தின் ஒரு பகுதியை ஆட்சி மன்றங்களின் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள். பெரிய தொகை கட்டுப்பாடின்றி ஓட, சின்னத் தொகைக்குப் பூட்டு மேல் பூட்டு!

கலிபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழக வளாகங்களில் (மேலே சொன்ன கலிபோர்னியா பல்கலைக்கழகம் வேறு) வாக்கெடுப்பு நடத்தலாம், அல்லது 'மாற்று ஆலோசனை' என்ற பெயரில் கூட்டம் போட்டுக் கருத்துக் கேட்கலாம். பல வளாகங்கள் 'மாணவர் வெற்றிக் கட்டணம்' என்று ஒன்றைக் கொண்டுவரத் தொடங்கியதும் எதிர்ப்புக் கிளம்பி, 2014-இல் சட்டமன்றம் தலையிட்டுப் புதிதாக எதையும் விதிக்க 2016 தொடக்கம் வரை தடை போட்டது.

வாக்கெடுப்பில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. இன்று 'சரி' என்று வாக்களிக்கும் மூன்றாமாண்டு மாணவன் அடுத்த ஆண்டு போய்விடுவான். கட்டடக் கடனுக்கான கட்டணத்தை முப்பது வருஷம் கட்டப்போகிறவர்கள் இன்னும் பள்ளியில் சேர்ந்திருக்கக்கூட மாட்டார்கள்.

எனக்குப் பிடிக்காத மாணவர் அமைப்புக்கு என் கட்டணம் போகிறது. மறுக்கலாமா?

முடியாது. விஸ்கான்சின் பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் இதே வாதத்தோடு போனார்கள். அப்போது அங்கே கட்டாயக் கட்டணம் ஆண்டுக்கு 331.50 டாலர். 2000 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக, பல்கலைக்கழகம் கட்டணத்தை வசூலிக்கலாம், ஆனால் கருத்துச் சார்பு பார்க்காமல் எல்லா அமைப்புகளுக்கும் பகிர வேண்டும் என்றது. சவுத்வொர்த் வழக்கு என்று தேடினால் கிடைக்கும். சட்டமன்ற ஒப்புதல் உண்டா இல்லையா என்பது அந்த வழக்கில் எழவே இல்லை.

படித்துக்கொண்டே பார்க்கும் உதவி ஆசிரியர் வேலை (டி.ஏ.) கிடைத்தால் கட்டணம் தள்ளுபடிதானே?

கல்விக் கட்டணம் தள்ளுபடி. கட்டாயக் கட்டணம் பல இடங்களில் உங்கள் தலையில்தான். எம்.எஸ்., பிஎச்.டி. சேரும் நம் பிள்ளைகள் முதல் பருவத்தில் அதிர்ச்சி அடைவது இங்கேதான். அனுமதிக் கடிதம் வந்ததும் துறைக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: தள்ளுபடியில் எந்தெந்தக் கட்டணம் அடங்கும், பன்னாட்டு மாணவருக்கென்று தனிக் கட்டணம் உண்டா என்று. பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

இந்தியாவில், குறிப்பாகத் தமிழ்நாட்டில், எப்படி?

சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் வரி கூடாது என்கிறது அரசியலமைப்பின் 265-ஆவது பிரிவு. வரிக்கும் கட்டணத்துக்கும் உள்ள வேறுபாட்டை உச்ச நீதிமன்றம் விரிவாக வகுத்த 1954-ஆம் ஆண்டு சிரூர் மடம் வழக்கு, சென்னை மாகாணத்தின் அறநிலையச் சட்டத்தின் மேல் வந்ததுதான். 1992-இல் அகமதாபாத் நகர் வளர்ச்சி ஆணைய வழக்கில், மூலச் சட்டம் வெளிப்படையாக அதிகாரம் தராவிட்டால் கீழமைப்பு தானாகக் கட்டணம் விதிக்க முடியாது என்றும் சொல்லிவிட்டார்கள்.

நம் மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு இது பெரிய இடைஞ்சல் இல்லை. கட்டணம் பெறும் அதிகாரம் அந்தந்தப் பல்கலைக்கழகச் சட்டத்திலேயே பொதுவாக இருக்கும்; அளவைச் சிண்டிகேட் என்ற ஆட்சிக்குழு பார்த்துக்கொள்ளும். சட்டமன்றத்தில் தனி வாக்கெடுப்பு நடப்பதில்லை. கடிவாளம் அரசியலில் இருக்கிறது. 2023 நவம்பரில் அண்ணா பல்கலைக்கழகம் தேர்வுக் கட்டணத்தைத் தாளுக்கு 150 ரூபாயிலிருந்து 225 ரூபாயாக்கியது. எதிர்ப்பு எழுந்ததும், அப்போதைய உயர்கல்வி அமைச்சர் பொன்முடி அந்த ஆண்டுக்கு உயர்வு இல்லை என்று அறிவித்தார்.

சட்டவிரோதமாக வசூலித்தார்கள் என்று தோன்றினால் பணத்தைத் திரும்ப வாங்க முடியுமா?

முதலில் பர்சார் ஆபீஸில் (பல்கலைக்கழகத்தில் கட்டணம் வசூலிக்கும் அலுவலகம்) அந்தக் கட்டணம் எந்தச் சட்டப்பிரிவு அல்லது எந்த ஆட்சி மன்றத் தீர்மானத்தின்படி வசூலாகிறது என்று எழுத்தில் கேளுங்கள். அரசு நிறுவனம் என்பதால் மாநிலத்தின் பொதுப் பதிவேட்டுச் சட்டப்படியும் ஆவணம் கேட்கலாம், நம் ஊர் ஆர்.டி.ஐ. மாதிரி.

நீதிமன்றத்தில் ஒப்புதல் இல்லை என்ற வாதத்தைவிட வாக்குத் தவறினார்கள் என்ற வாதம் எடுபட்டதற்கு நல்ல உதாரணம் உண்டு. கலிபோர்னியா பல்கலைக்கழகம், சட்டம் போன்ற தொழிற்படிப்பு மாணவர்களுக்கு, சேர்ந்தபின் அவர்களுடைய தொழிற்படிப்புக் கட்டணம் உயராது என்று தன் இணையப் பக்கத்தில் எழுதியிருந்தது. பிறகு உயர்த்தியது. 2003-இல் மாணவர்கள் வழக்குப் போட்டார்கள். ரீஜென்ட்ஸுக்குக் கட்டணம் விதிக்கும் அதிகாரம் உண்டா என்ற சர்ச்சைக்கே போகாமல், அது ஒப்பந்தம், மீறிவிட்டீர்கள் என்று வாதாடினார்கள். 2007-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்று, சுமார் 3.38 கோடி டாலர் தீர்ப்பை உறுதி செய்தது. காஷ்மீரி வழக்கு என்று பெயர். எனவே சேரும் நாளில் கட்டணம் பற்றிய இணையப் பக்கத்தைத் தேதி தெரியும்படி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் அடுத்த ஆண்டு அப்படியே இருக்காது.